கறுப்பு ஓரம்

அந்த ரீலில் மூன்று நிமிஷம் இருபது நொடிதான் படம். அதைத் தபால் உறையிலிருந்து வெளியே எடுக்கவே ராஜமேரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எடுத்து மேஜைமேல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் உறைக்குள் போட்டாள்.

"மேரிம்மா, வேணாம்னா இப்பவே சொல்லிடு," என்றார் அப்துல் ரஷீத் பாய். கடை அவருடையது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடும் கடை. கூடவே கல்யாண வீடியோ. பழைய எட்டு எம்.எம். ரீல்களை டி.வி.யில் பார்க்கிற மாதிரி கேசட்டாக மாற்றித் தருவதும் உண்டு. மாற்றும் வேலையை இரண்டு வருஷமாக ராஜமேரிதான் செய்கிறாள். "உங்க அண்ணன் விஷயம் இது. ஆனா நான் கிருஷ்ணகிரி கல்யாணத்துக்குப் போயே ஆவணும். விசாரணை ஆபீசுக்கு நாளைக்கு மூணு மணிக்குக் கேசட் வேணுமாம்."

"நானே பண்ணிடறேங்க பாய்."

"பண்ணுவே. பண்ணிட்டு நூறு தடவ சரியான்னு பாப்பே. அதுக்குள்ள மூணு மணி ஆயிடும்." சிரித்துக்கொண்டே சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இரண்டு கேமராவில் ஒன்றைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவள் அண்ணன் அல்போன்ஸ் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன். பதினேழு நாளைக்கு முன்னால், பாப்பாரப்பட்டியிலிருந்து ஒகேனக்கல் போன கிருஷ்ணப்பன் என்கிற பத்தொன்பது வயசுப் பையன் வீடு திரும்பவில்லை. அவன் அல்போன்ஸ் பரிசலில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று மீன் வறுக்கிற ஒரு பெண் சொன்னாள். அல்போன்ஸ் இல்லை என்றான். ஏற்றியது ஆறு பேரை, ஆறு பேரும் வெளியூர் ஆட்கள், அந்தப் பையன் என் பரிசலில் வரவே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். அந்த ஆறு பேர் இந்தி பேசுகிறவர்கள். வேனில் வந்தார்கள், வேனில் போனார்கள். எந்த ஊர் என்று கேட்டு வைத்தவர் யாருமில்லை. ஆற்றில் உடலும் அகப்படவில்லை. பெங்களூருக்கு வேலை தேடி ஓடியிருப்பான் என்று பரிசல் துறையில் ஒரு பேச்சு கிளம்பி, அதுவே நிஜம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இந்த ரீல் வந்து சேர்ந்தது. பெங்களூரில் ரிட்டயர் ஆன ஒருவர் அன்றைக்குப் பேரப்பிள்ளைகளோடு வந்து கரையில் நின்று படம் பிடித்திருக்கிறார். செய்தியைப் படித்துவிட்டு, உபயோகப்படுமானால் பாருங்கள் என்று விசாரணை அதிகாரிக்கு ரீலையே தபாலில் அனுப்பிவிட்டார். அதிகாரியின் ஆபீசில் ரீல் ஓட்டும் மெஷின் இல்லை. நாளைக்கு விசாரணை. டி.வி.யும் டெக்கும் பாய் கடையிலிருந்து வாடகைக்குப் போகின்றன.

அந்தப் பையன் பரிசலில் இருந்தால், பர்மிட்டில் சொன்ன ஆறுக்கு மேல் ஏற்றியதாக ஆகும். பொய் சொன்னதாகவும் ஆகும். அல்போன்ஸின் பரிசல் போகும், பர்மிட் போகும், அவனும் ஜெயிலுக்குப் போவான். அண்ணி ரோசம்மாளுக்கு இது ஒன்பதாம் மாசம்.

ராஜமேரி வெளிச்சம் வராமல் ஜன்னலுக்குக் கம்பளி போட்டாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள், தாழை இழுத்துப் பார்த்தாள், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். அவள் மாலையில் படிக்கிற ரேடியோ டி.வி. மெக்கானிசம் வகுப்பில் அவளுக்குச் 'சந்தேகம் மேரி' என்று பேர். பதினோரு ஆண்கள், இவள் ஒருத்தி. பையன்கள் எழுதாததையெல்லாம் இவள் நோட்டில் எழுதுவாள். கடையிலும் அப்படித்தான். ஒவ்வொரு ரீலுக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. அட்டை எவ்வளவு தூரம், கேமராவை எவ்வளவு கிட்டே இழுத்தது, மெஷின் வேகம் என்ன, படம் துடித்ததா, எல்லாம் அதில் இருக்கும்.

வேலை இதுதான். மெஷின் ரீலை ஒரு வெள்ளை அட்டைமேல் சின்னதாகக் காட்டும். பக்கத்திலேயே வீடியோ கேமரா நின்று அந்த அட்டையைப் படம் பிடிக்கும். மெஷினின் வேகத்தைச் சற்றே குறைத்தால்தான் டி.வி.யில் படம் துடிக்காமல் வரும்; எங்கே குறைப்பது என்பதைத் திருகில் பேனா மையால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள். அப்புறம் அளவு. ரீலின் படம் முழுசாக வரவேண்டுமென்றால் கேமராவைக் கொஞ்சம் பின்னால் வாங்கவேண்டும். அப்போது டி.வி.யில் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்பாக ஓரம் விழும். ஆரம்பத்தில் அவள் அப்படித்தான் எடுத்தாள். முதல் கல்யாண வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "என்னா பாய் இது? பொண்ணு மாப்பிள்ளயச் சுத்திக் கறுப்புக் கட்டம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரா அடிச்சிருக்கீங்க?" என்றார். அன்றிலிருந்து கடையில் ஒரே வழக்கம். கேமராவை முன்னால் இழுத்து, கறுப்பு துளிகூடத் தெரியாமல் டி.வி. நிறைய எடுத்துவிட வேண்டும். படத்தின் ஓரம் கொஞ்சம் போனால் போகட்டும். டி.வி. பெட்டியும் தன் பங்குக்கு நாலு பக்கமும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். போனது யாருக்கும் தெரியப்போவதில்லை.

கை வழக்கமாகச் செய்வதைச் செய்தது. அவள் கண் கேமரா கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. அட்டைப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

அருவி வந்தது. தொப்பி போட்ட இரண்டு குழந்தைகள் மீன் தின்றார்கள். பிறகு பரிசல் துறை. ஒரு பரிசல் கரையை விட்டு நகர்ந்தது. நடுவில் மண்டியிட்டுத் துடுப்புப் போடுவது அண்ணன்தான். சட்டையின் முதுகுக் கிழிசலை அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். பரிசல் மெதுவாகக் குறுக்கே போய்ப் பாறை மறைவுக்குள் நுழைந்தது. மறுபடியும் அருவி. ரீல் முடிந்தது.

கேசட்டைச் சுற்றி டி.வி.யில் போட்டாள். அண்ணனை விட்டு மற்றத் தலைகளை எண்ணினாள். ஆறு. மறுபடியும் எண்ணினாள். ஐந்தாவது முறையும் ஆறு. தரையில் உட்கார்ந்து, மேஜைக்காலில் தலையை முட்டி, ஜெபமாலையின் பாதியைச் சொன்னாள். மீதியைச் சொல்ல மறந்துவிட்டாள்.

சாயங்காலம் வகுப்பில் மாஸ்டர் ஒரு டி.வி.யின் முதுகைத் திறந்து வைத்துவிட்டு, எங்கே தொடக்கூடாது என்று காட்டிக்கொண்டிருந்தார். "மாஸ்டரே, மேரிக்கு ஷாக் அடிச்சா யாரு தொட்டு இழுக்கறது?" என்று ஒருத்தன் பின்னாலிருந்து கேட்டான். "மொதல்ல உனக்கு அடிக்கட்டும். நான் கட்டையால இழுக்கறேன்," என்றாள் ராஜமேரி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளுக்கே அன்றைக்குத் தன் குரல் லேசாக இருப்பதாகப் பட்டது.

வெளியே டீக்கடை ஓரம் அல்போன்ஸ் நின்றிருந்தான். பதினேழு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பாத்துட்டேண்ணே. ஆறு பேருதான் இருக்காங்க," என்றாள்.

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான். "ஆறு பேருதான் தெரியுதா?" என்று கேட்டான்.

"ஆமா."

"நல்லாப் பாத்தியா பாப்பா?"

"அஞ்சு தடவ எண்ணினேன்."

"சரி. அப்ப சரி." காசு கொடுக்காமல் நடந்தான். டீக்கடைக்காரர் கூப்பிட்ட பிறகு திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு அவள் நோட்டில் எழுதியது ஒரே வரி: 'இருக்காங்களா என்று கேட்கவில்லை, தெரியுதா என்று கேட்டான்.' எழுதியதை அடித்தாள். அண்ணனைப் பற்றி இப்படி எழுத நான் யார் என்று தோன்றியது. அடித்த வரிக்குக் கீழேயே மறுபடியும் அதையே எழுதினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடைவாசலில் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயசு இருக்கும். காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை.

"ரீல் இங்கதான் வந்திருக்குன்னு ஆபீசுல சொன்னாங்க. நான் குள்ளம்மா. கிருஷ்ணப்பனோட அம்மா."

ராஜமேரி மேஜைமேல் இருந்த கேசட்டைக் கையால் மூடினாள். தான் யார் தங்கை என்று இவளுக்குத் தெரியாது.

"மூணு மணிக்கு ஆபீசுல காட்டுவாங்கம்மா."

"அங்க அத்தன ஆம்பளைங்க நடுவுல நான் என்னத்தப் பாக்கறது கண்ணு? ஒரு தடவ போட்டுக் காட்டு. எம் பையன் அதுல இல்லன்னு பாத்துக்கறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா பெங்களூருக்குத்தான போயிருக்கான்? போவட்டும். சொல்லாமப் போனதுக்கு வந்த பொறவு நாலு அறை குடுக்கறேன்." சிரிக்கப் பார்த்தாள். "அவனுக்கு ஒரு போட்டோகூட எடுத்தது இல்ல. இருந்தா பெங்களூருல காட்டித் தேடியிருப்பேன்."

இந்த அம்மாவும் அவன் படத்தில் இல்லாமல் இருக்கவேண்டும் என்றே வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ராஜமேரிக்கு அதில் ஒரு தைரியம் வந்தது. ஆறு பேர்தானே. காட்டினால் நிம்மதியாகப் போவாள். கேசட்டைப் போட்டாள்.

குள்ளம்மாள் டி.வி.க்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். பரிசல் வந்ததும் விரலை நீட்டி ஒவ்வொரு முகமாகத் தொட்டாள். "இவன் இல்ல. இவனும் இல்ல. இது பொம்பளை." கடைசி முகத்துக்கு வந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்ல கண்ணு. எம் பையன் இல்ல. முனியப்பா, எம் பையன் இல்ல." தோள் குலுங்கியது. "இன்னொரு தடவ போடு. ஆசையாப் பாக்கறேன்."

ராஜமேரி பின்னால் சுற்றிப் போட்டாள். அந்த இரண்டாம் தடவையில்தான் குள்ளம்மாளின் கை பாதியில் நின்றது.

"இது யாரு கையி?"

டி.வி.யின் இடது ஓரத்தில், பரிசலின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும்தான். அதற்கப்புறம் டி.வி. முடிந்துவிட்டது. தலைகளையே எண்ணிய ராஜமேரிக்கு நேற்று அது கண்ணில் படவே இல்லை.

"சோத்துக் கையில வாட்ச்சு," என்றாள் குள்ளம்மாள். குரலில் ஒன்றுமே இல்லை. "வாரு அறுந்து போச்சு. செவப்பு நூலு நாந்தான் சுத்திக் குடுத்தேன். பாரு, செவப்பாத் தெரியுது. இவனுக்கு மட்டும் ஏன் மூஞ்சி இல்ல? மூஞ்சி எங்க கண்ணு?"

ராஜமேரி எழுந்தாள். கதவைச் சாத்தினாள், கம்பளியை இழுத்துவிட்டாள், ரீலை மறுபடியும் மெஷினில் மாட்டினாள். ரீலின் துளைகள் மெஷின் பல்லில் ஏற மாட்டேன் என்றன. கேமராவைப் பின்னால் வாங்கினாள். இன்னும் பின்னால். அட்டையின் நாலு மூலையும் கறுப்புக்குள் அடங்கும்வரை வாங்கினாள். புதுக் கேசட்டைப் போட்டுப் பதிவைத் தொடங்கினாள்.

கதவு தட்டப்பட்டது. "பாப்பா, நாந்தான்." கேசட்டை ஆபீசுக்குத் தானே கொண்டுபோக வந்திருந்தான் அல்போன்ஸ். திறந்ததும் உள்ளே நுழைந்துவிட்டான். இருட்டில் அவனுக்குத் தரையில் உட்கார்ந்திருந்தவள் தெரியவில்லை. மெஷின் வெளிச்சம் எழும்பியபோது தெரிந்தது. சுவரோடு ஒட்டி நின்றான். குள்ளம்மாள் அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அருவி. குழந்தைகள். மீன். பரிசல்.

இந்தத் தடவை ராஜமேரி கேமராவைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தாள். நடுவில் அண்ணன், துடுப்பு. ஆறு பேர். இடது ஓரத்தில், பரிசல் விளிம்பின்மேலேயே, கால் இரண்டும் உள்ளே, உடம்பு வெளியே சாய்ந்தபடி ஏழாவது ஆள். மீசை சரியாக முளைக்காத பையன். கரையில் படம் பிடிப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து கண்ணு," என்றாள் குள்ளம்மாள். "ஒரு நிமிசம் நிறுத்து. அவன நான் பாக்கறேன்."

ராஜமேரி நிறுத்தும் பிடியை அழுத்தினாள்.

அந்த மெஷினில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். விளக்குச் சூட்டைத் தடுக்கிற கண்ணாடி போன வருஷமே உடைந்துபோய், பாய் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். 'நிறுத்தினால் இரண்டு எண்ணலாம், மூன்று கூடாது' என்று நோட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். ஒன்று எண்ணினாள். இரண்டு எண்ணினாள். மூன்று எண்ணினாள். கை பிடியின் மேலேயே இருந்தது.

படத்தின் நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு விழுந்தது. பொட்டு கொப்புளமாகி விரிந்தது. முதலில் துடுப்பு போயிற்று, பிறகு தைத்த சட்டை, பிறகு அண்ணன் தலை. பக்கத்தில் இருந்த ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் கருகாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, என்னா அது?" என்றான் அல்போன்ஸ்.

அவள் கையை எடுத்தாள். ரீல் ஒரு குலுங்கலோடு ஓடத் தொடங்கியது. கருகிய இடம் தாண்டிப்போய்ப் பரிசல் பாறை மறைவுக்குள் நுழைந்தது. பிளாஸ்டிக் எரிந்த வாடை அறை முழுக்க நின்றது.

அம்மாவுக்காக அழுத்தினோமா, அண்ணனுக்காக அழுத்தினோமா? மூன்று எண்ணிய அந்தக் கணத்தில் தன் மனசில் என்ன இருந்தது என்று அவள் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவளுக்கு அதை மட்டும் எழுத முடியவில்லை.

குள்ளம்மாள் திரும்பினாள். சுவரோடு நின்றவனைப் பார்த்தாள். "நீ பரிசல்காரன்," என்றாள்.

அல்போன்ஸ் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"பாரத்துக்கு ஏத்துனேம்மா. வந்த ஆறு பேரும் நல்ல பருமன். ஒரு பக்கமாச் சாஞ்சுது. எதிர்ப் பக்கம் பாரத்துக்கு ஒரு உள்ளூர் ஆள ஏத்திக்கறது துறையில வழக்கம். டிக்கெட் கெடையாது. அவன் வந்து, 'அண்ணே நான் வரட்டா'ன்னான். ஏறுடான்னு சொன்னேன். பாரத்துக்கு ஏத்துன ஆளை நாங்க யாரும் எண்ண மாட்டோம்."

"எண்ண மாட்டீங்களா?"

"எண்ண மாட்டோம். எத்தன பேருன்னு கேட்டாங்க, வாயில ஆறுன்னு வந்துச்சு. எழுதிட்டாங்க. அப்புறம் எப்பிடி மாத்தறதுன்னு தெரியல."

"எம் பையன் என்னா ஆனான்?"

"நடு ஆத்துல பரிசலச் சுத்திக் காட்டுவோம், வர்றவங்க கேப்பாங்க. சுத்துனேன். திரும்பிப் பாத்தா அவன் இல்ல. நம்ம பசங்க பாதியில குதிச்சு நீந்திப் போறது தினமும் நடக்கறதுதான். குதிச்சிட்டான்னு நெனச்சேன். அந்த வேன்காரங்க என்னமோ கத்துனாங்க, எனக்குப் புரியல. சாயங்காலம் துறையில தேடினேன். மறுநாள் காலையில தேடினேன். எட்டு நாள் தேடினேம்மா, யாருக்கும் சொல்லாமத் தேடினேன்."

குள்ளம்மாள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்து அட்டை வெறும் அட்டையாயிற்று. "மூணு மணிக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அல்போன்ஸ் எழுந்து கதவைத் திரும்பச் சாத்தினான். அப்புறம், "நேத்து எடுத்த கேசட்டு இருக்குதில்ல?" என்றான்.

"இருக்குது."

"அதக் குடுத்துடு."

"அந்தம்மா பாத்துட்டாங்கண்ணே."

"அந்தம்மா சொன்னா? பெத்தவ அப்பிடித்தான் சொல்லுவான்னு எழுதிக்குவாங்க. டி.வி.யில தெரியறதத்தான் நம்புவாங்க. ரீலும் கருகிப்போச்சு." அவள் காலைத் தொடப் போனான். அவள் பின்னால் நகர்ந்தாள். "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் பாப்பா. உங்க கடையில எப்பவும் எப்பிடி எடுப்பீங்களோ அப்பிடித்தான எடுத்திருக்கே? ரோசா நாள எண்ணிக்கிட்டு வூட்டுல உக்காந்திருக்கா. பொறக்கற புள்ளைக்கு நான் ஜெயில்லயா பேரு வெக்கறது?"

"நீயே போயி ஏழுன்னு சொல்லிடேன்."

"வாய் வர மாட்டேங்குது." முகத்தைப் பொத்திக்கொண்டான். "தெனமும் சொல்லணும்னுதான் கெளம்பறேன். அங்க போனா ஆறுன்னுதான் வருது."

ராஜமேரி இரண்டு கேசட்டையும் எடுத்தாள். முதலாவதின் லேபிளில் 'ஒன்று' என்று எழுதினாள், மற்றதில் 'இரண்டு' என்று எழுதினாள். நோட்டைத் திறந்து தூரம், வேகம், அளவு எல்லாவற்றையும் இரண்டுக்கும் எழுதினாள். 'ரீலில் சேதம். காரணம்' என்று எழுதி நிறுத்தினாள். 'நான்' என்று முடித்தாள். இரண்டு கேசட்டையும் ரீலோடு பைக்குள் போட்டாள். எதைக் கொடுப்பாய் என்று அல்போன்ஸ் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஆபீசில் டி.வி. தயாராக இருந்தது. காலையில் வாடகைக்குப் போன பாய் கடை டி.வி.தான், மூலையில் கீறல்கூட அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரம் அல்போன்ஸ். எதிர்ச் சுவர் ஓரம் குள்ளம்மாள். நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தாள்.

"போடும்மா," என்றார் அதிகாரி.

ராஜமேரி பைக்குள் கைவிட்டாள். இரண்டு கேசட்டும் ஒரே எடை, ஒரே சொரசொரப்பு. எது எது என்று விரலுக்குத் தெரியவில்லை. வெளியே எடுத்து லேபிளைப் பார்த்தாள். 'ஒன்று' என்று இருந்தது. அண்ணன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு மற்றதை எடுத்து டெக்கில் தள்ளினாள்.

டி.வி.யில் படம் சின்னதாக வந்தது. நாலு பக்கமும் கறுப்பு.

"என்னாம்மா இது, கறுப்புக் கட்டி வந்திருக்கு?" என்றார் குமாஸ்தா. "பெருசா எடுக்கத் தெரியாதா?"

"பெருசா எடுத்தா ஓரம் போயிடுங்க."

அருவி, குழந்தைகள், மீன். பரிசல் நகர்ந்தது. அதிகாரி கையை உயர்த்த, அவள் டெக்கின் நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். டெக்கில் எதுவும் கருகாது. கோடு கோடாக நடுங்கிக்கொண்டு படம் நின்றது. அதிகாரி எழுந்து டி.வி. அருகே போய் விரலால் எண்ண ஆரம்பித்தார். பாதியில் திரும்பி, "ஏம்பா, நீயே சொல்லு. உன்ன விட்டு எத்தன பேரு?" என்று கேட்டார்.

அல்போன்ஸ் வாயைத் திறந்தான். ராஜமேரிக்குத் தன் வாய்க்குள் 'ஏழு' என்று உருண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தாவின் பேனா தாளின்மேல் காத்திருந்தது.

"ஏழுங்க," என்றான் அல்போன்ஸ். பிறகு, யாரும் கேட்காமலே, "அவன் பேரு எனக்குத் தெரியாதுங்க. டேய்னுதான் கூப்பிட்டேன்," என்றான்.

அதற்கப்புறம் எழுதுவதும் படித்துக் காட்டுவதும் கையெழுத்து வாங்குவதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. ரீல் ஏன் கருகியது என்று கேட்டார்கள். நான்தான் நிறுத்தினேன் என்று ராஜமேரி சொன்னாள். அவள் யார் தங்கை என்று குமாஸ்தா அதிகாரியின் காதில் சொன்னார். அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதச் சொன்னார். கேசட்டும் ரீலும் அரக்கு வைக்கப்பட்டன. இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அல்போன்ஸ் அவர்களோடு படி இறங்கும்போது, "ரோசாகிட்ட இன்னிக்கே சொல்லிடாத பாப்பா," என்றான். பென்னாகரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதில்தான் அவன் வழக்கமாகத் திரும்புவான்.

வாசலில் குள்ளம்மாள் நின்றிருந்தாள். ராஜமேரி தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தாள்.

"கண்ணு."

நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அண்ணன்னு சொல்லவே இல்லயே நீ."

"இல்லம்மா."

குள்ளம்மாள் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். வாட்ச் வாரில் சிவப்பு நூலைச் சுற்றிய விரல் அதுதான் என்பது போல, வலது கையின் சுட்டுவிரலை இடது கையால் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையில மொதல்ல ஒண்ணு போட்டுக் காட்டுனியே. அது உங்கிட்ட இருக்குதா?"

"இருக்குது. ஏம்மா?"

"அதக் குடு."

"அதுல அவன் மூஞ்சி இல்லீங்களேம்மா."

"தெரியும். அதான் கேக்கறேன். அத மொதல் தடவ பாத்தப்ப எம் பையன் பெங்களூருலதான இருந்தான்."

"உங்க வூட்டுல டி.வி. இருக்குதுங்களா?"

"டி.வி. எங்க கண்ணு? கரண்டே இல்ல." மஞ்சள் பையின் வாயை விரித்துப் பிடித்தாள். "சும்மா வெச்சிக்கறேன். குடு."

ராஜமேரி 'ஒன்று' என்று எழுதியதை எடுத்து அந்தப் பைக்குள் வைத்தாள்.